ரேவல்சின்னி இலைக் கடையல்

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம்தான்; உன் அம்மா மட்டும் இரண்டு நாளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள். ஏன் என்று இதைப் படித்து முடித்தால் உனக்கே தெரியும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கி "சாப்டியா பாப்பா" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் மத்தியான வெயிலில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாட்டு மருந்துச் சரக்கு மடிக்கிற தாளிலேயே எழுதுகிறேன். அம்மா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

போன வாரம் நீ போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, சாமியார்கிட்ட ஓலைக்குப் பேர் குடுத்தீங்களா இல்லியா?" கோயிலில் மூன்று ஞாயிறு உன் பெயரையும் ஆலன் பெயரையும் வாசித்தால்தான் மே மாதம் கல்யாணம் நடக்கும். நான் கொடுத்தால்தான் வாசிப்பார்கள். "சாமியார் ஊர்ல இல்லம்மா" என்று சொன்னேன். பச்சைப் பொய். நீ கேட்ட நேரத்தில் சாமியார் என் கடை முன்னால் நின்று இருமலுக்கு அதிமதுரம் வாங்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், மனுஷன் அதற்கப்புறம் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

ஆலனை வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வேணும் என்றும் சொன்னதில்லை. "பாக்கலாம்" என்று ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினேன். நீயும் பொறுமைசாலிதான். "உங்க சம்மதம் இல்லாம பண்ண மாட்டேன், ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். "இன்னும் எத்தன நாளைக்குப்பா அந்தப் பையன், அந்தப் பையன்னே சொல்வீங்க?" என்று ஒரு தடவை கேட்டாய். அதற்கும் "பாக்கலாம்" என்றேன்.

உன் அப்பன் எதற்கும் முதலில் வேண்டாம் என்கிற ஜாதி, உனக்குத் தெரியாததா. சைக்கிள் கேட்டாய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பறக்கிறது, வேண்டாம் என்றேன். நர்சிங் என்றாய், இந்த வீட்டில் ஊசி பிடித்தவர் யாரும் இல்லை, வேண்டாம் என்றேன். இங்கிலாந்து என்றாய். அன்றைக்கு உப்பளத்துப் பக்கம் போய் வரப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூன்றுக்கும் சரி என்று சொன்னவனும் நான்தான். அதைச் சேர்த்துச் சொல்ல நீங்கள் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள்.

சரி, போன மே மாதத்துக்கு வருகிறேன். அந்தப் பையனைப் பார்க்க உன்னிடம் வந்தேனே, அப்போது உன் அம்மாவின் கீரைச்சட்டியை லுங்கியில் சுற்றி மடியில் வைத்தே விமானத்தில் கொண்டுவந்தேன். கூடவே மத்து, ஒரு பொட்டலம் வடகம். அவன் வீட்டுக்காரர்களுக்கு நம் வீட்டுக் கீரைக் கடையல் ஒரு வாய் போட்டால்தான் நாம் யார் என்று தெரியும் என்பது என் கணக்கு. இரண்டாம் நாள் நீ டியூட்டிக்குப் போய்விட்டாய், ஆலன் என்னைத் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனான். டோரதி அம்மா நல்ல மாதிரி. தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அங்கேதான் ஒரு மூலையில் அந்தச் செடி நின்றது. விசிறி மாதிரி இலை, ஒவ்வொன்றும் ஒரு தட்டு அகலம். செக்கச் சிவந்த தண்டு. "ரூபாப்" என்றார்கள். தண்டை நறுக்கிச் சர்க்கரை போட்டு இனிப்பு செய்வார்களாம்.

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் வேர்ப் பக்கம் மண் கொஞ்சம் விலகியிருந்தது, கிழங்கு எட்டிப் பார்த்தது. சும்மா நகத்தால் ஒரு கீறு கீறினேன். உள்ளே மஞ்சள். மோந்து பார்த்தேன். ஸ்டெல்லா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரேவல்சின்னி! நம் கடையில் இடது கைப் பக்கம் மூன்றாவது டப்பா. மலச்சிக்கலுக்கு முப்பது வருஷமாக நான் இடித்துக் கொடுக்கிற சரக்கு. எடை போட்டால் விரலெல்லாம் மஞ்சளாகும், அந்த விரலால் நீ சின்னதில் சாக்லேட் வாங்க மாட்டாய், கசக்கும் என்பாய். சீனாக்காரன் சரக்கு, அதனால்தான் சின்னி என்று மொத்தக் கடைக்காரர் ஒருத்தர் சொல்லியிருக்கிறார். அது ஒரு செடி, அதற்கு இலை உண்டு, தண்டு உண்டு, யாரோ ஒருத்தர் வீட்டு வேலி ஓரம் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. என் கடையில் இருக்கிற அத்தனை சரக்கையும் நான் காய்ந்துபோன பிறகுதான் பார்த்திருக்கிறேன்.

ஆலன் போனில் தேடிப் பார்த்து, இது அதே கிழங்கு இல்லை, அதற்குப் பங்காளி மாதிரி, ஒரே குடும்பம் என்றான். எனக்கு அது போதாதா? "தர்ட்டி இயர்ஸ்! ஐ நோ திஸ்!" என்று மார்தட்டிக்கொண்டேன். டோரதி அம்மா கைதட்டினார்கள். அப்புறம் அதே தண்டில் செய்த இனிப்பைத் தட்டில் வைத்தார்கள். பேதி மருந்துக்குச் சர்க்கரை போட்டு விருந்தாளிக்கு வைக்கிறார்களே என்று உள்ளுக்குள் கர்த்தரை வேண்டிக்கொண்டு சாப்பிட்டேன். புளிப்பும் இனிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. அன்று முழுக்கக் கழிவறை இருக்கிற பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அங்கே ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. டோரதி அம்மா தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய இலையையெல்லாம் வெட்டிக் குப்பை மேட்டில் போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நாமெல்லாம் யார்? உப்பளத்து வரப்பில் தானாக முளைக்கிற உமிரியைக்கூட விடாமல் பறித்துத் தின்கிறவர்கள். உமிரி எப்படிக் கரிக்கும், உனக்குத் தெரியும். வெயில் ஏறினால் அதற்கும் தண்டு சிவந்துபோகும். இரண்டு தண்ணீரில் வேகவைத்து, கொட்டி, பிழிந்து, பருப்பு போட்டுக் கடைந்தால் தேவாமிர்தம். உப்பு மட்டும் போடக்கூடாது, அதுவே கொண்டுவரும். வேகவைத்துப் பிழிந்தால் எந்தக் கீரையின் கெட்ட குணமும் தண்ணீரோடு போய்விடும் என்பது என் எண்ணம். யாரிடமும் கேட்கவில்லை. அவர்கள் உள்ளே போன நேரம் பார்த்துக் குப்பை மேட்டிலிருந்து நல்ல இலையாக ஒரு கட்டு பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டுக் குப்பையில் கீரை பொறுக்கினேன் என்று தெரிந்தால் நீ என்னைத் தின்றுவிடுவாய். அதனால்தான் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. கடைக் கீரை என்று சொன்னேனே, அது இரண்டாவது பொய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆலனும் டோரதி அம்மாவும் உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நீ மேஜையில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். அடுப்படியில் நான் வடகம் தாளித்துக் கொட்டி முடித்தேன், வாசனை தூக்கியது. ஆலன் உதவி செய்ய உள்ளே வந்தான். அவனிடம் மட்டும் ரகசியமாக, "யுவர் மதர் கார்டன். ரூபாப் லீஃப். சர்ப்ரைஸ்!" என்று கண்ணடித்தேன். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. "அங்கிள், யூ டேஸ்ட்?" என்று கேட்டான். விரல் நுனியால் ஒரு சொட்டு என்றேன். இவனுக்கென்ன அவசரம், எல்லோருக்கும்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். "நான் எடுக்கிறேன்" என்று தமிழில் சொல்லி, இரண்டு துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கினான். அடுப்பிலிருந்து மேஜைக்கு அஞ்சு எட்டு. மூன்றாவது எட்டில் சட்டி தரையில். சுக்கு நூறு. கடையல் சுவர் வரைக்கும் தெறித்தது, அவன் காலிலும் கொட்டியது.

நீ ஆடின ஆட்டம் இருக்கிறதே! "ஏம்பா ஆலன், ரெண்டு கை இருக்குல்ல உனக்கு? எங்கப்பா மடியில வெச்சுத் தூக்கினு வந்த சட்டி! ஒரு பாத்திரம் புடிக்கத் தெரியாதா?" கோபம் வந்தால் உனக்கு இங்கிலீஷ் போய்விடும். அவன் காலில் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே திட்டினாய், கட்டுப் போட்டு முடித்தும் திட்டினாய். அவன் "சாரி, சாரி" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. தரையை வேறு யாரையும் துடைக்க விடாமல் அவனே ஒட்ட வழித்து, தாளில் சுற்றி வெளியே கொண்டுபோய்ப் போட்டான். பிரிட்ஜில் நான் மிச்சம் வைத்திருந்த இலையைக்கூட விடவில்லை. அப்புறம் வாசலில் நின்று பத்து நிமிஷம் போனில் யாரிடமோ பேசினான். திரும்பி வந்ததிலிருந்து எனக்குப் பால் கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், மறுபடி பால் கொடுத்தான். சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்கே போகவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை "ஓகேவா அங்கிள்?" உடைத்ததற்குச் சரிக்கட்டுகிறான் என்று நினைத்தேன். நீ அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்கு அந்த இரண்டு நாளும் உள்ளுக்குள் சந்தோஷம். சட்டி போன வருத்தம் கொஞ்சம்தான். அவனிடம் குறை ஒன்று கிடைத்துவிட்டதே என்கிற சந்தோஷம்தான் அதிகம். வெள்ளைக்காரன் என்றாலும் அவனும் நம் கோயில்காரன்தான், நல்ல வேலை, குடிப்பதில்லை, மரியாதையாகப் பேசுகிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். அவனைக் கட்டிக்கொண்டால் நீ அங்கேயே தங்கிவிடுவாய், வருஷத்துக்கு இருபது நாள் லீவில் வந்துபோகிற மகளாகிவிடுவாய் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. சட்டி ஒரு நல்ல சாக்காக வந்து வாய்த்தது. ஊருக்கு வந்ததும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பெயரே வைத்துவிட்டேன், சட்டிக்காரன் என்று. உன் அம்மா ஒரு நாள் கேட்டாள், "ஏங்க, ஒரு சட்டிக்காக ஒரு வருஷமா? அது என் சட்டிங்க, நானே சும்மா இருக்கேன்." நான் காதில் வாங்கவில்லை.

முந்தாநாள் இடையஞ்சாவடிப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா ஸ்கூட்டரில் வந்தார்கள். ஆரோவில்லில் ரொம்ப வருஷமாக இருக்கிறவர்கள், நம்மை மாதிரியே தமிழ் பேசுவார்கள். கடுக்காய் வாங்க வந்தவர்கள் ரேவல்சின்னி டப்பாவைப் பார்த்து, எங்கள் ஊரில் இதன் தண்டில் ஜாம் போடுவோம் என்றார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் இங்கிலாந்துல இதோட இலையவே கடையல் பண்ணேன், தெரியுமா?" என்று ஆரம்பித்து, சட்டிக்காரன் கதை வரைக்கும் தாளம் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை. "இலையா? ஐயோ, இலை விஷங்க! எத்தனி தண்ணில வேகவெச்சாலும் போவாது. யாரும் சாப்பிடலியே?" என்றார்கள். அங்கே இது எல்லாருக்கும் தெரியுமாம். அதனால்தான் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லையாம்.

நான் "இல்லங்க, யாரும் சாப்பிடல" என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. வெளுத்த முகம். யூ டேஸ்ட். பிரிட்ஜில் காணாமல் போன இலை. பால். அரை மணிக்கு ஒரு ஓகே அங்கிள். கடுக்காயை அளந்துகொண்டிருந்தவன் தராசை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உனக்கும், டோரதி அம்மாவுக்கும் என் கையாலேயே விஷத்தைக் கடைந்து வடகம் தாளித்து வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரன்! இந்த ஊரில் யாருக்கு வயிற்று வலி என்றாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். நீ டியூட்டியில் இருப்பாய் என்று தெரிந்த நேரம்தான். "ஆலன், அன்னிக்கு சட்டி கை தவறித்தான் விழுந்துச்சா?" "ஃபுளோர் வெரி ஸ்லிப்பரி, அங்கிள்" என்றான். "டேய், பொய் சொல்லாத" என்று தமிழிலேயே அதட்டினேன். சிரித்துவிட்டான். அப்புறம், நீ கற்றுக்கொடுத்த அந்தத் தமிழில் சொன்னான்: "அங்கிள், நீங்க அன்னைக்கு ரொம்ப ஹேப்பி. எங்கம்மா டேபிள்ல. அஞ்சு ஸ்டெப்தான். யோசிக்க டைம் இல்ல." அன்று வாசலில் நின்று போனில் பேசியது டாக்டரிடமாம்; நான் நக்கிய ஒரு சொட்டுக்குப் பால் கொடுக்கச் சொன்னதும் அவர்தானாம். அதற்கப்புறமாவது ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கலாமே, இரண்டு நாள் பேசாமல் இருந்தாளே என்றேன். சொன்னால் அப்பாவை இனி அடுப்பு பக்கம் விடமாட்டாள், அங்கிளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றான். இப்போதும் சொல்லாதீங்க என்று கெஞ்சினான். நான் கேட்கப்போவதில்லை. தப்பு செய்தவன் நான், சொல்ல வேண்டியவனும் நான்.

வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அதே தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, முப்பத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து வெளியே போட்டாள். கல்யாணமான புதிதில், திண்டிவனத்திலிருந்து வந்தவளுக்கு உமிரியைப் பற்றி என்ன தெரியும்? எல்லாக் கீரைக்கும் போடுகிற மாதிரி அதற்கும் உப்பைப் போட்டுவிட்டாள். என் அண்ணன், அண்ணி, வந்திருந்த விருந்தாளி எல்லோர் முன்னாலும் நான் தட்டைத் தள்ளிவிட்டு, "உப்பளத்துல வாக்கப்பட்டுட்டு உப்பு எவ்ளோன்னு தெரியாதா?" என்று கத்தினேன். எனக்கு அது மறந்தே போய்விட்டது. அவளுக்கு மறக்கவில்லை. "நீங்க தட்டத் தள்ளினீங்க. அந்தப் புள்ள சட்டியப் போட்டு ஒடச்சிது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போய், முதல் தடவையாக, "தப்புதான்டி" என்றேன். அதிலிருந்துதான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணம் ஆகப்போகிற மகளுக்கு அப்பா புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். விஷத்தைக் கடைந்தவன் என்ன புத்தி சொல்வது? இருந்தாலும் அப்பன் அல்லவா, வாய் சும்மா இருக்காது. உனக்கு என் கோபம் அப்படியே வந்திருக்கிறது, அந்தச் சொத்து ஒன்றைத்தான் முழுசாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி அவன் கையிலிருந்து ஏதாவது விழுந்தால், தரையைப் பார்க்காதே, முதலில் அவன் முகத்தைப் பார். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் தரையைத்தான் பார்த்தோம். இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப்பட்டவனோடு குடும்பம் நடத்துவது லேசு இல்லை. அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றக் காலைச் சுட்டுக்கொள்கிறவன், தனக்கு ஒரு வலி வந்தாலும் ஸ்லிப்பரி ஃபுளோர் என்றுதான் சொல்வான். நம்பாதே. டேய், பொய் சொல்லாத என்று அதட்டிக் கேள். அதட்டினால் சொல்லிவிடுகிறான், நான் பார்த்துவிட்டேன்.

நீ தூரமாகப் போகிறாய் என்கிற வருத்தம் எனக்கு இன்னமும் இருக்கிறது, போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. நேற்று ராயப்பன் கடையில்கூட டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்த வருத்தத்தை இனிமேல் அவன் தலையில் கட்ட மாட்டேன். அது என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வருஷத்துக்கு இருபது நாள் வந்தால் போதும். வராத வருஷம் நான் வருகிறேன், இனி எந்த இலையையும் கேட்காமல் பறிக்க மாட்டேன் என்று டோரதி அம்மாவிடம் சொல்லி வை. குப்பை மேட்டு விஷயத்தை மட்டும் சொல்லாதே.

இன்று காலையில் கடை திறக்கும் முன்னால் சாமியார் வீட்டுக்குப் போய் ஓலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். "என்னா, ஊருக்கு வந்துட்டேனா நான்?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வருகிற ஞாயிறு முதல் ஓலை. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன்.

வருகிற வழியில் சந்தையில் சட்டி வாங்கினேன். உன் அம்மா ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள். நான் இரண்டு வாங்கி வந்திருக்கிறேன். "ரெண்டு எதுக்குங்க?" என்று கேட்டாள்.

ஒன்று நான் கீரை கடைய. இன்னொன்று, அவசரம் என்றால், மாப்பிள்ளை கீழே போட.

அன்புடன்,
அப்பா